அவள் பக்கத்துக் கண்ணாடி

கிளம்பும்போது அவள் சொன்ன வார்த்தைதான் இப்போது வைப்பரோடு சேர்ந்து போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. உளுந்து ஊறப் போட்டிருக்கேன், நாலு மணிக்குள்ள வந்துடணும். வைப்பர் அந்தப் பக்கம் போகும்போது உளுந்து, இந்தப் பக்கம் வரும்போது நாலு மணி. மருதவீரன் மற்ற எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். அவள் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு பேரின் துணிமணிகளையும் ஒரு சாக்கில் திணித்து, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே தார்ப்பாயை இழுத்து மூடியிருந்தான். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டுகள், சிலோனிலிருந்து வந்தபோது அவள் அப்பாவுக்குக் கொடுத்த பழுப்பேறிய குடும்ப அட்டை, எல்லாம் பிளாஸ்டிக் கவரில் அவன் சீட்டுக்கு அடியில் கிடந்தன. பாத்திரங்களையும் தையல் மிஷினையும் நாளைக்கு டயர் கடை வைத்திருக்கும் கூட்டாளி சாமிக்கண்ணு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவான். மூன்று நாளாக இதையெல்லாம் மனசுக்குள் எடுத்து வைத்து எடுத்து வைத்துப் பழகியிருந்தான். உளுந்தை மட்டும் யோசிக்கவில்லை. யார் யோசிப்பார்கள். திரும்பிப் போகாத வீட்டின் சமையல் மேடையில் அது இந்த நிமிஷம் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பருத்துக்கொண்டிருக்கும். நாலரை மணிக்குக் கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வீட்டுக்காரர் தனபாலனின் மச்சினர் சசிதரன் நிற்பார். காரையும் வீட்டுச் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குள், ஏதாவது ஒரு வளைவில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிவபாக்கியத்திடம் சொல்லியாக வேண்டும். இனிமே அங்க போகலை. மூன்று சொல். இருபத்திரண்டு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் டிரையர் முன்னால் நின்றவன், உள்ளங்கையை நீட்டியே சூடு எத்தனை என்று சொல்லிவிடுவான் என்று பேர் வாங்கியவன், இந்த மூன்று சொல்லின் சூடு தெரியாமல் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினான்.

“இப்ப எது வருது?” என்றாள் பாக்கியம். அவள் பக்கத்து வைப்பர் ஓடாது. போன ஆடியில் நின்றது நின்றதுதான். பார்க்கலாம் மருதவீரன், மழை முடியட்டும் என்றார் தனபாலன் சார். மழை எங்கே முடிகிறது இங்கே. அதனால் அவளுக்கு முன்னால் எப்போதும் வெறும் தண்ணீர்தான் வழியும், பச்சையும் சாம்பலுமாகக் குழைந்து. ரோடு அவன் பக்கத்தில்தான் இருந்தது. வைப்பர் நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே அவள் இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். அவள் கேட்பாள், அவன் சொல்ல வேண்டும். “ஸ்கூலு. கேட்டுக்கிட்ட ஒரு மாடு நிக்குது.” “நனையுதா?” “மழையில நனையாம வேற என்னா செய்யும்?” “குடை வச்சிருக்கான்னு கேட்டேன்,” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டாள். அவனும் சிரித்தான். சிரித்த வாயை மூடும்போது உள்ளே எதுவோ தட்டியது. இத்தனை நாளும் அவன் சொன்னதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். மாடு நிற்கிறது என்றால் மாடு. ஆற்றில் தண்ணீர் சிவந்து போகிறது என்றால் சிவப்பு. சொல்லாமல் விட்டால் அது அவளுக்குக் கிடையாது. இப்படி ஒரு ஆளை நம்ப வைத்துவிட்டு, டிக்கியில் சாக்கை வைத்துக்கொண்டு, சேரம்பாடி வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா என்று கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கக் கூடாது. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். மாம்பழ நிறத்தில் சிவப்புக் கரை. தலைக்குப் பூ இல்லையே என்று முற்றத்தில் நின்று நனைந்துகொண்டு, ஒரு கனகாம்பரக் கொத்தைப் பறித்து வைத்துக்கொண்டாள். அந்தச் செடியும் அவள் வைத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்து ஓட்டுவது, கோயமுத்தூருக்குக் குடிபோன தனபாலன் சார் சொல்லியிருந்த வேலைகளில் ஒன்று. ஓட்டாவிட்டால் பேட்டரி செத்துவிடும். மற்ற வேலைகள் வீட்டுக்குள். அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு ராவும் பகலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அவருடைய கோட்டு, அம்மாவின் பட்டுச்சேலை, கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்துவிடும். கட்டிலுக்கடியில் கரிச்சட்டி வைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். யாரும் குளிக்காத குளியலறைக் குழாயைத் திறந்து மூட வேண்டும். கொடியில் எப்போதும் துணி தொங்க வேண்டும்; காயாது, காய வேண்டாம், தொங்கினால் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பக்க விளக்கு. “ஆள் இருக்கிற வீடு மாதிரி தெரியணும் மருதவீரன், அவ்வளவுதான் நான் கேக்கறது,” என்றார். நியாயமான பேச்சுதான். இந்த மலையில் ஒரு மழைக்காலம் பூட்டிக் கிடந்த வீடு அடுத்த மழைக்காலத்துக்கு வீடாக இருக்காது. யானை வந்து சுவரைத் தள்ளும், இல்லாவிட்டால் மனுஷன் வந்து உள்ளே நுழைவான். இரண்டில் மனுஷனுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். அதற்காகத்தான் இவர்கள் இருவரையும் வைத்தார். இவர்கள் இருந்தார்கள். பாக்கியம் பின்பக்கம் சவ்சவ் கொடி ஏற்றினாள். சமையலறை ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை தைத்தாள். தபால்காரருக்கு டீ கொடுத்தாள். அதுதான் தப்பாகப் போய்விட்டது. இருக்கிற மாதிரி தெரிந்திருக்க வேண்டும். இருந்திருக்கக் கூடாது.

சேரம்பாடியில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினான். நிறுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை, இங்கே உட்கார்ந்து சொல்லிவிடலாம், நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் அழ மாட்டாள் என்று ஒரு கோழைக் கணக்கு மனசுக்குள் ஓடியது. கடைக்காரர் ஈரத் துண்டால் பெஞ்சைத் துடைத்தார். துடைத்த பிறகு பெஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது. “என்னண்ணே, இந்த மழையில ஜோடியா காரு எடுத்துக்கிட்டு? டூரா?” என்றார். அவன் வாயைத் திறக்கும் முன்னே பாக்கியம், “கல்யாணம் ஆகி இருபத்தினாலு வருசம் ஆச்சு. இப்பதான் ஹனிமூனு கூட்டிட்டு வந்திருக்காரு,” என்றாள். கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப அண்ணனுக்கு சக்கரை தூக்கலா போடணும்.” “போடாதீங்க, ஏற்கெனவே டாக்டரு திட்டறாரு. காரு ஓட்டறப்பவே தூங்கி விழறாரு மனுசன், ஹனிமூனு எங்க பாக்கறது?” எங்கிருந்து வருகிறது இவளுக்கு இந்தப் பேச்சு. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாள். காலையில் கூடையோடு போவாள், மாலையில் கூடையோடு வருவாள், கையெல்லாம் கறுப்புக் கறை. இந்த இரண்டு மழைக்காலத்தில்தான் அவளுக்கு வாய் முளைத்தது. “எந்த ஊரு அண்ணி?” என்றார் கடைக்காரர். “பந்தலூரு தாண்டி, தேவாலாவுக்கு இந்தப் பக்கம். ரோட்டுக்கு மேல மஞ்சக் கலர் வீடு தெரியுமே, அதுதான்,” என்றாள் பாக்கியம். அதுதான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். டீ அவன் நாக்கைச் சுட்டது. டீ டஸ்ட் சரியில்லை, அதிகம் காய்ந்தது, டிரையரில் எவனோ தூங்கிவிட்டான். இந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்த மூன்று சொல்லை எப்படிச் சொல்வது. அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே விட்டான். இனி இறங்குமுகம், பந்தலூர், அப்புறம் வீட்டுக்குத் திரும்பும் மேட்டு ரோடு, அதைத் தாண்டினால் தேவாலா, நாடுகாணி, கூடலூர். மேட்டு ரோடு வரும் முன் சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தது. அவள் முந்தானையால் அவன் பக்கம் துடைத்துவிட்டாள்; தன் பக்கத்தைத் துடைக்கவில்லை, துடைத்து என்ன. அந்தக் கை முகத்துக்குக் குறுக்கே போனபோது தேங்காய் எண்ணெயும் உளுந்து கழுவிய வாசனையும் வந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த வாசனையை அவன் பாயில்தான் மோந்திருக்கிறான், ஆளிடம் இல்லை. மழைக்காலத்தில் கொழுந்து அதிகம் வரும், ராத்திரி ஷிஃப்டு விடாமல் ஓடும். அவன் விடிந்து வீடு வரும்போது அவள் மலைக்குக் கிளம்புவாள். ஒரே பாய், ஒரே தலையணை, அவள் எழுந்த பள்ளத்தில் அவன் படுப்பான். சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். மகள் எப்படிப் பிறந்தாள் என்று சாமிக்கண்ணு கேலி செய்வான், தபால்ல வந்துச்சா என்பான். அந்த மகள் திருப்பூரில் ஒற்றை அறையில் நாலு பேராகக் கிடக்கிறாள். அங்கே போக முடியாது, கேட்கவும் முடியாது. ஃபாக்டரி மூடி, லயத்தைக் காலி பண்ணச் சொன்ன பிறகு தனபாலன் சார் வீட்டில்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ராத்திரியில் ஒரே கட்டிலில் படுத்தார்கள். பின்னறை ஒழுகியதால் முன்னறைக் கட்டிலில் படுத்துக்கங்க என்று அவரே சொன்னார். அவளுக்கு முதல் நாளே தூக்கம் வந்தது. அவனுக்கு இன்றுவரை வரவில்லை. உடம்பு இன்னும் ஷிஃப்டிலேயே இருக்கிறது. உட்கார்ந்து, அலமாரிக் கதவிடுக்கில் தெரியும் பல்பு வெளிச்சத்தில் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இது போதும் என்று தோன்றும். இவ்வளவு போதும் என்று தோன்றியதே கண் பட்டதோ என்னவோ. அவன் கண்ணே.

“இப்ப எது வருது?” “வளைவு. மேல ஏறி வர்ற பஸ்ஸு ஒண்ணு. டிரைவரு முறைக்கிறாரு.” “நீங்களும் முறைங்க.” வளைவில் பஸ் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போயிற்று, ஒரு நிமிஷம் அவன் பக்கமும் அவள் பக்கம் மாதிரி ஆனது, பிறகு வைப்பர் ரோட்டைக் கொண்டுவந்து கொடுத்தது. குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓரமாக நடந்து போனாள். குடையைப் பார்த்ததும் அந்த டீச்சர் ஞாபகம். வேண்டாம் என்று தள்ளினான், அது தள்ளத் தள்ள வந்தது. போன வருஷம் இதே மாதிரி ஒரு மத்தியானம், மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தாள் ஒரு டீச்சர், பாலித்தீன் கவர் போட்ட ரெஜிஸ்டரோடு, ஓட்டர் லிஸ்டு சரிபார்க்க. அவன் விறகுக் கொட்டகையில் இருந்தான், எல்லாம் காதில் விழுந்தது. “இங்க யாரும்மா குடியிருக்கா?” “நாங்கதான்.” “தனபாலன்னு ஒருத்தர் பேரு இருக்கே?” “அவரு இங்க இல்லீங்க டீச்சர், கோயமுத்தூருல இருக்காரு.” இரண்டும் உண்மை. ஒரு எழுத்து பொய் இல்லை. டீச்சர் எழுதிக்கொண்டாள். பாக்கியம் உள்ளே ஓடி பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து ஒவ்வொரு காகிதமாக நீட்டினாள், முகத்தில் அப்படி ஒரு அவசரம். அவளை வாழ்க்கையில் யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. ஆறு வயதில் கப்பலை விட்டு இறங்கி மண்டபம் முகாமில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அதிகாரி, சொந்த ஊர் எது என்று கேட்டாராம். அப்பாவுக்கு ஊர் பெயர் ஒன்றும் தெரியவில்லை. தாத்தாவுக்குத் தாத்தா எந்தக் கரட்டு ஊரிலிருந்து சிலோனுக்குப் போனாரோ. பின்னால் நின்றவர் ‘நீலகிரின்னு சொல்லு’ என்று முதுகில் குத்தினாராம், அப்பா நீலகிரி என்றாராம், அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு லயத்தில் அடித்த நம்பர்தான் விலாசம், அதையும் அடித்தது கம்பெனி. இப்போது ஒருத்தி குடையை மடக்கிவிட்டு நின்று, யாரும்மா குடியிருக்கா என்கிறாள். அவன் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, இல்லீங்க டீச்சர், நாங்க வீட்டைப் பாத்துக்கறவங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வந்திருக்கலாம். வரவில்லை. அவள் சொன்ன அந்த ‘நாங்கதான்’ காதுக்கு நன்றாக இருந்தது. விறகைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். ஓட்டர் அட்டை தபாலில் வந்தபோது அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்த்தி வைத்தாள், குங்குமம்கூட வைத்தாள்.

புதன்கிழமை போன் வந்தது. பாக்கியம் சவ்சவ் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தனபாலன் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மருதவீரன், நான் முப்பது வருசமா அந்த ஊர்ல ஓட்டுப் போடறவன். என் பேர அடிச்சிட்டு உங்க ரெண்டு பேரு பேரு இருக்கு. அதே டோர் நம்பர்ல.” சரிங்க சார். “நீங்க வேணும்னு பண்ணிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா என் பிள்ளைங்க கேக்கறாங்க. வக்கீல் ஒருத்தரு, பேரு ஏறிட்டா அப்புறம் கெளப்ப முடியாதுங்கறாரு.” சரிங்க சார். “ஞாயித்துக்கிழமை சாவியக் குடுத்துடுங்க. வீட்டம்மாட்ட பக்குவமா சொல்லுங்க, என்ன? வருத்தப்படப் போறாங்க.” சரிங்க சார். பிறகு எண்ணிப் பார்த்தான், பதினோரு சரிங்க சார். வேறு ஏதாவது வார்த்தை இருந்திருக்குமா. சார், அவளுக்குத் தெரியாது சார். சார், அவள் கேட்டதுக்குப் பதில் சொன்னாள் சார். சார், ஆள் இருக்கிற மாதிரி என்றீர்களே சார். எல்லாம் இப்போது வருகிறது, நாலு நாள் கழித்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கும் ஆகாமல். சரிங்க சார் மட்டும் அன்று தயாராக இருந்தது. எச்சில் மாதிரி எப்போதும் வாயில் இருக்கிற வார்த்தை. வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம், எத்தனை வீட்டை விட்டுப் போனவள் அவள். ஏன் என்று கேட்பாளே. நீ சொன்ன ஒரு வார்த்தையால் என்று எப்படிச் சொல்வது. அப்புறம் அவள் மறுபடியும் நாளைக்கு நாலு வார்த்தைக்குப் போய்விடுவாள். அந்த நாலும் போய்விட்டால்.

சாமிக்கண்ணு வேறு மாதிரி சொன்னான். “பேரு ஏறிடுச்சுல்ல? பேசாம உக்காரு மாப்ள. ஒன்ன யாரு எறக்கறது? அவனுக்கு கோயமுத்தூர்ல ரெண்டு வீடு. நீ கோர்ட்டுக்கு நட, பத்து வருசம் இழுக்கும், அதுக்குள்ள நீயும் போயிடுவ, அவனும் போயிடுவான்.” சொல்லிவிட்டு, அது ஒத்து வரலைன்னா என் கடைக்குப் பின்னால ரூம் இருக்கு, டயர் நாத்தம் கொஞ்சம் அடிக்கும் என்றான். அந்த ‘பேசாம உக்காரு’ மூன்று நாளாக உள்ளே உட்கார்ந்திருந்தது. மேட்டு ரோட்டில் இடது பக்கம் வண்டியைத் திருப்பினால் போதும். ஒரு ஒடிப்பு. சசிதரன் குடையோடு நிற்பார், நிற்கட்டும். நாலு மணிக்கு வீட்டுக்குப் போய் அவள் உளுந்தை அரைப்பாள். யார் வருவார்கள், போலீஸா. வரட்டும். ஆனால் அப்படி இருந்தால் அது அந்த வீடாகவா இருக்கும். கதவு தட்டினால் நெஞ்சடைக்கும். தபால்காரர் வந்தால் பயம். கொடியில் துணி போட மாட்டாள், விளக்கு போட மாட்டாள். ஆள் இல்லாத வீடு மாதிரி தெரியணும் என்று ஒளிந்துகொண்டு இரண்டு பேரும். பந்தலூர் தாண்டியது. கடைகள், ஒரு சர்ச், மூடியிருந்த ஃபாக்டரியின் புகை வராத குழாய். “இப்ப எது வருது?” “பந்தலூரு.” “மணி என்னாங்க?” “மூணரை.” “அப்ப சரியா இருக்கும்,” என்றாள். கடிகாரம் டேஷ்போர்டில் மூன்று நாற்பது காட்டியது. மேட்டு ரோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பாலம் உண்டு, அதில் ஒரு கல்பலகை ஆடும். சக்கரம் ஏறினால் இரண்டு தரம் தட்டும், டக் டக் என்று. அந்தச் சத்தம் கேட்டால் வீடு என்று அர்த்தம். பாக்கியம் அதற்கு எப்போதும், யாரது, உள்ள வாங்க என்பாள். பாலம் வந்தது. டக். டக். அவள் வழக்கம்போல, “யாரது, உள்ள வாங்க,” என்றாள். மழைக்குள் இடப்பக்கம் மேட்டு ரோடு தெரிந்தது, செம்மண் கரைந்து ஓடிக்கொண்டு. ஓரத்தில் அவள் போன மாதம் நட்ட, வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்த செம்பருத்திக் கம்பு. கால் பிரேக்கின் மேல் இருந்தது. கை ஒடிக்கவில்லை. கைக்கு என்ன ஆயிற்று என்று அவனே பார்த்தான், யாரோ ஒருத்தருடைய கை மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டிருந்தது. சரிங்க சார் சொல்லக் கைக்கும் தெரிந்திருக்கிறது. மேட்டு ரோடு பின்னால் போய்விட்டது.

வண்டி ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை, கியர் மாறவில்லை, முதுகு சீட்டில் சாயவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தாலும் இதெல்லாம் உடம்புக்குத் தெரியும். தேவாலா வந்தது, இப்ப எது வருது என்று அவள் கேட்கவில்லை. ஒரு பஸ் கடந்து போனது, ஒரு மரம் விழுந்து பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தது, அதையும் கேட்கவில்லை. அவனே சொன்னான், “மரம் விழுந்திருக்கு.” அவள் ம் என்றாள். வைப்பர் போய் வந்தது. போய் வந்தது. நாடுகாணிக்கு முன்னால்தான் பேசினாள், முன்னால் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “என் தையல் மிசினு?” “நாளைக்கு சாமிக்கண்ணு எடுத்துட்டு வருவான்.” “பாவாடைத் துணியெல்லாம் கொடியில கெடக்கு.” “அதையும் எடுத்துட்டு வருவான்.” “எதுக்குங்க?” இதுதான். இதற்காகத்தான் மூன்று நாள். “அவரு வீட்ட விக்கப் போறாராம் பாக்கியம்,” என்றான். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது, மாடு நிக்குது என்று சொல்வது மாதிரி. பிறகு அவன் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள், குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. “விக்கட்டுங்க. வாங்கறவங்களுக்கும் ஆளு வேணுமில்ல? நம்மள ஒண்ணும் சும்மா எறக்கிற முடியாது. அந்த டீச்சரம்மா எழுதிட்டுப் போனாங்கல்ல. நம்ம பேரு இருக்கு, கவர்மெண்டு லிஸ்டுல. அட்டையே வந்துருக்கே. அவருகிட்ட அத சொன்னீங்களா?” சொல்லவில்லை என்று தலையாட்டினான். “நீங்க எதத்தான் சொன்னீங்க. எப்பப் பாரு சரிங்க சாரு. போன் போடுங்க, நான் சொல்றேன்.” “பாக்கியம்.” “போடுங்கங்க.” “அது ஓட்டுப் போடறதுக்கு பாக்கியம். இருக்கறதுக்கு இல்ல.” அவள் அவனையே பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். கொஞ்ச தூரம் போன பிறகு அவள் திரும்பித் தன் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். விற்கிறார் என்பதை நம்பியிருக்கிறாள். அது போதும். யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள், நடுவில் நாம். அது பழகிய துக்கம். அதை அவள் தாங்குவாள். இன்னும் பத்து கிலோமீட்டர், சாவியை நீட்ட வேண்டும், இறங்க வேண்டும், சசிதரன் நல்ல மனுஷர், அதிகம் பேச மாட்டார். பேசாமல் இருந்துவிட்டால் இந்தப் பொய் பிழைத்துக்கொள்ளும், இவளும் அதோடு பிழைத்துக்கொள்வாள்.

கூடலூரில் மழை கொஞ்சம் மெலிந்திருந்தது. சசிதரன் பேக்கரிப் படியில் நின்றிருந்தார், கண்டதும் குடையை விரித்துக்கொண்டு வந்தார். மருதவீரன் இறங்கி ஓடி அவரை அந்தப் பக்கமாக நிறுத்திவிட நினைத்தான். கதவின் கைப்பிடி ஈரத்தில் இறுகியிருந்தது. அதற்குள் அவர் பாக்கியத்தின் ஜன்னலுக்கே வந்து குனிந்துவிட்டார், அந்தப் பக்கம்தான் குழி இல்லை. அவள் கண்ணாடியை இறக்கினாள். “வந்துட்டீங்களா. அத்தான் மூணு தடவ போன் பண்ணிட்டாரு,” என்றார். சிரித்த முகம், உண்மையிலேயே நல்ல மனுஷர். “நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க அக்கா. நான்கூடச் சொன்னேன், பாவம் அவங்களுக்கு என்ன தெரியும், வந்தவங்க யாரு குடியிருக்கான்னு கேட்டாங்க, நாங்கதான்னு சொல்லிட்டாங்க, நீங்களா இருந்தாலும் அதத்தானே சொல்வீங்கன்னு. அவரு கேக்கல. தம் பேர அடிச்சிட்டாங்களேன்னு ஒரே இது. வயசாச்சில்ல, பயம்.” மழை குடைமேல் விழுகிற சத்தம் கேட்டது. மருதவீரன் எஞ்சினை நிறுத்தினான். வைப்பர் பாதியில் நின்றது; ரோடும் பஸ் ஸ்டாண்டும் அவன் கண் முன்னாலேயே கரைந்து, அவன் பக்கமும் தண்ணீரானது. “சரி விடுங்க,” என்றார் சசிதரன், கையை ஜன்னலுக்குள் நீட்டி. “நான் இப்பவே போய்ப் பூட்டு மாத்தணும். வீட்டுல இப்ப யாராச்சும் இருக்காங்களா?”

பாக்கியம் மடியிலிருந்து முந்தானையை எடுத்தாள். வீட்டுச் சாவி முடிச்சில் இருந்தது. காலையிலிருந்து ஈரம்பட்டு முடிச்சு இறுகிவிட்டது, நகத்தால் பிரிக்க நேரமானது, அவர் கையை நீட்டியபடியே காத்திருந்தார். பிரித்துச் சாவியை அந்தக் கையில் வைத்தாள்.

“யாரும் இல்லீங்க,” என்றாள். “ஒரு ஏனத்துல உளுந்து ஊறுது. தண்ணிய வடிச்சுக் கீழ கொட்டிடுங்க, நாறிப்போயிடும். அலமாரியில பல்பு எரியுது. அத மட்டும் அணைச்சிறாதீங்க.”